பதினேழாவது பிளான்

பிணத்தை வெளியே கொண்டுவந்த பிறகுதான் சைரன் அலறியது!

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டிருந்த நான்கு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கடப்பாரையால் நெம்பித் திறந்திருந்த நாலாம் நம்பர் குளிர் அறையின் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு சுழன்றது. ‘உள்ளே ஆள் மாட்டிக்கொண்டார், ஓடி வாருங்கள்’ என்று அர்த்தம்.

உள்ளே ஈ காக்காய் இல்லை. மாட்டிக்கொண்ட ஒரே ஆள் வெள்ளைத் துணிக்குக் கீழே விறைத்துப்போய்க் கிடந்தான்.

சைரன் நின்றது.

அப்பாடா என்று ஸ்ட்ரெச்சர் இரண்டடி நகர்ந்தது. மறுபடி அலறல்... நின்றது... மறுபடி அலறல்...

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. விசாரணைக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. வீட்டு மாடிப்படிகளைக்கூட விட்டுவைத்ததில்லை. ஒவ்வோர் அலறலுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டார்.

நாற்பத்தொரு கோடுகள்!

அதற்குப் பிறகு சைரன் வாயைத் திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். முப்பது வயது. வலது கட்டைவிரல் எதையோ அழுத்துகிற மாதிரி வளைந்து, அப்படியே உறைந்திருந்தது.

தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அந்த மருந்துக் கிடங்கின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். நெற்றியில் வியர்வை. மைனஸ் இருபத்தைந்து டிகிரி அறைக்குப் பக்கத்தில் வியர்த்து நின்ற ஒரே மனிதர் அவர்தான்.

“சைரன் எதுக்கு அடிச்சுது?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“நான்தான் மேடம் டெஸ்ட் பண்ணேன். வேலை செய்யுதான்னு பாக்கணும்ல.”

“நாப்பத்தொரு தடவையா?”

“பாதுகாப்பு விஷயமாச்சே மேடம். ஒரு தடவையில விட்டுட முடியுமா?”

நல்ல பதில். ஆனால் இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை. மடித்து வைத்துக்கொண்டார்.

*

விசாரணை ஒரு மாதத்தில் முடிந்தது. அறிக்கை இரண்டே வரி. ‘இறந்தவர் சனிக்கிழமை பிற்பகல் தன் கவனக்குறைவால் அறைக்குள் மாட்டிக்கொண்டார். பதற்றத்தில் அவசர பட்டனை அழுத்தத் தவறிவிட்டார்.’

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அந்தச் சிவப்பு பட்டனைக் காட்டி, “எது மறந்தாலும் இதை மறக்காதீங்க” என்று மாதாமாதம் பாடம் எடுத்தவனே அவன்தான். அவன் பட்டனை மறந்துவிட்டானாம்! அறிக்கை எழுதியவர்களுக்கு எழுதும்போது கை கூசவில்லை.

கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவருக்கு அதே மாதம் பதவி உயர்வு வந்தது. சரக்கு இருப்பு ரிப்போர்ட் முன்பெல்லாம் திரையில் வர நாற்பது செகண்ட் ஆகும். அதை ஆறு செகண்டாக்கி முதலாளி முன்னால் காட்டிக் கைதட்டல் வாங்கியவர் அவர். அன்றிலிருந்து கிடங்கு முழுக்க அவருக்கு ‘ஆறு செகண்ட்’ என்றே பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

அந்தக் கைதட்டல் விழுந்த நாள், பிணத்தை எடுத்த அதே ஞாயிற்றுக்கிழமை. நேரம் காலை ஒன்பது மணி.

*

இரண்டு வருடங்கள் ஓடிவிட்டன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. சின்னச் சமையலறை. தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி செத்துப்போனவனின் மனைவி. இன்னொருத்தி அவனுடைய அக்கா.

அக்கா பதினொரு மாதம் முன்பு அதே கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவனின் கூடப் பிறந்தவள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தம்பி மனைவி டம்ளரை நகர்த்தி வைத்தாள். நாத்தனாரை அண்ணி என்று கூப்பிடுவது அவள் வழக்கம்.

“அண்ணி, நாளைக்கு அந்த ஆறு செகண்ட் அந்த ரூமுக்குள்ள போறாராமே?”

“போறார். வருஷா வருஷம் சோதனை நடக்கும். பிளான்ல கையெழுத்துப் போட்டவர் உள்ள நிக்கணும். கதவைச் சாத்தி, மெயின் மெஷின் ஒயரைப் பிடுங்குவோம். அவர் பட்டனை அழுத்துவார். கதவு தொறக்கணும்.”

“அந்த விதியை யார் கொண்டுவந்தது?”

“அவரேதான். உன் புருஷன் செத்த மாசம், பத்திரிகைக்காரங்க முன்னாடி. நானே உள்ள நின்னு காட்டுறேன்னார். போன வருஷம் சிரிச்சுக்கிட்டே ஃபோட்டோ எடுத்துக்கிட்டார்.”

குழாய் சொட்டியது. தம்பி மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“கதவு தொறக்காத மாதிரி பண்ண முடியுமா?”

“முடியும்.”

“அப்ப பண்ணுங்க அண்ணி. எம் புருஷன் பட்டனை அழுத்தவே தெரியாதவர்னு எழுதி வெச்சுட்டாங்க. எம் பொண்ணு நாளைக்குப் படிச்சுப் பெரியவளாகி அந்த அறிக்கையைப் படிப்பா. அவ அப்பா முட்டாள்னு நெனப்பா. அந்த ஆளு உள்ளயே கெடக்கட்டும்.”

அக்கா எழுந்துபோய் குழாயை இறுக்கி மூடினாள்.

சரி என்றும் சொல்லவில்லை... மாட்டேன் என்றும் சொல்லவில்லை...

*

கிடங்கில் அவளைத் தபால் மேடம் என்பார்கள். காரணம் இருக்கிறது.

அங்கே கதவு பேசுகிற பாஷை சைரனுக்குப் புரியாது. சைரன் பாஷை சரக்கு ரிப்போர்ட்டுக்குப் புரியாது. நடுவில் ஒரு சாஃப்ட்வேர் உட்கார்ந்து, இது சொன்னதை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் தபால். அதைக் கட்டி மேய்ப்பவள் தபால் மேடம்.

மருந்துக் கிடங்கு என்பதால் கதவுகளுக்குக் காந்தப் பூட்டு. வெளியே கார்டைக் காட்டினாலும் சரி, உள்ளே சிவப்பு பட்டனை அழுத்தினாலும் சரி, தபால் போய்ச் சேர்ந்தால்தான் பூட்டு விடும்.

எந்தத் தபால் எந்த க்ரூப், எந்த க்ரூப் எந்த மெஷினில் ஓடும், அந்த மெஷின் படுத்துவிட்டால் எது எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும்... இதையெல்லாம் எழுதி வைத்திருப்பதுதான் டிப்ளாய்மென்ட் பிளான். மெயின் ஒரு மெஷினில் இருந்தால் ஸ்டாண்ட்பை இன்னொரு மெஷினில் இருக்க வேண்டும். அவசரத் தபால் தனி க்ரூப்பாகவும், சரக்குத் தபால் தனி க்ரூப்பாகவும் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

மெயினையும் ஸ்டாண்ட்பையையும் ஒரே மெஷினில் போடுவது, இரண்டு குடை வாங்கி இரண்டையும் ஒரே பையில் போட்டு, பையை பஸ்ஸில் விட்டுவிட்டு வருவது மாதிரி.

சேர்ந்த முதல் வாரமே தபால் மேடம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். போய்ச் சேராத தபால் செத்துப்போகாது. வரிசையில் காத்துக்கொண்டிருக்கும். வழி திறந்ததும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும்.

தம்பி செத்தபோது இன்ஸ்பெக்டர் அவளிடம் சொன்ன நாற்பத்தொரு சைரன் என்றால், நாற்பத்தொரு தபால் காத்திருந்தது என்று அர்த்தம். நாற்பத்தொரு தடவை அவள் தம்பி அந்த பட்டனை அழுத்தியிருக்கிறான்!

அன்றைக்குக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து பழைய பிளான்களின் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு தடவை பிளானை மாற்றும்போதும் சாஃப்ட்வேர் தானாக ஒரு நம்பர் போட்டு வைத்துவிடும்.

பதினாறு இருந்தது. பதினெட்டு இருந்தது.

பதினேழைக் காணோம்!

பதினாறுதான் அந்தச் சனிக்கிழமை ஓடிக்கொண்டிருந்தது என்று ஆறு செகண்ட் விசாரணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் ஒரு குற்றமும் இல்லை. பதினெட்டு, பிணம் எடுத்த ஞாயிறு காலை பத்து இருபத்தைந்துக்குப் போட்டது. அதிலும் ஒரு குற்றமும் இல்லை. முதல் சைரன் அலறியது பத்தரைக்கு. நடுவில் இருந்த ஒன்றை யாரோ சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். துடைத்தவர், வரிசையில் காத்திருந்த தபால்களைத் துடைக்க மறந்துவிட்டார். அவசரத்தில் எல்லாருக்கும் வரும் மறதிதான்.

பத்து மாதம் தேடினாள். பேக்கப்பில் தேடினாள். தூக்கிப்போட்ட பழைய டிஸ்குகளில் தேடினாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, பிரிவில் எல்லோரும் காபிக்குப் போன நேரம், தபால் மேடம் புது பிளான் ஒன்றைத் திறந்தாள். அவசர க்ரூப்பைச் சரக்கு க்ரூப்போடு சேர்த்தாள். மெயினையும் ஸ்டாண்ட்பையையும் ஒரே மெஷினில் போட்டாள்.

சேமிக்கவா, வேண்டாமா என்று திரை கேட்டது.

அவள் விரல் பட்டனுக்கு மேலே நின்றது...

*

சனிக்கிழமை காலை பதினொரு மணி.

ஆறு செகண்ட் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கேமராவுக்குச் சிரித்தார். சோதனையை நடத்த வந்த பாதுகாப்பு அதிகாரி, பேப்பர் செருகிய அட்டையும் கையுமாக நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணியைப் பார்த்ததும் ஆறு செகண்டின் சிரிப்பு அரை அங்குலம் குறைந்தது.

“என்ன மேடம், இந்தப் பக்கம்?”

“சும்மா வேடிக்கை பாக்க வந்தேன்” என்றார் இன்ஸ்பெக்டர். “எனக்கு எண்றதுக்கு ஏதாவது இருந்தா போதும்.”

ஆறு செகண்ட் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. காந்தப் பூட்டு ‘டக்’ என்றது.

உள்ளே கதவை ஒட்டிச் சிவப்பு பட்டன். எதிர்ச் சுவரில், பதினெட்டு அடி தள்ளி, ஒரு ஃபோன். ஃபோன் இரண்டு வருடம் முன்பு கிடையாது. சாவுக்குப் பிறகு வைத்தது.

கண்ட்ரோல் ரூமில் மூன்று பேர். தபால் மேடம் மெயின் மெஷினின் ஒயரை அதிகாரியின் கண்ணெதிரே பிடுங்கிக் கையில் கொடுத்தாள். அவர் அட்டையில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். இனி உள்ளே ஃபோன் போட்டு, ஒயர் பிடுங்கியாயிற்று, அழுத்தலாம் என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை.

குளிர் அறைக்குள் ஃபோன் மணி அடித்தது.

“சார், ஒயரைப் பிடுங்கியாச்சு.”

“குட். அழுத்தட்டுமா?”

“அழுத்துங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இன்னிக்கு ஓடுறது பதினெட்டு இல்ல.”

“என்ன உளர்றே?”

“பதினேழு கெடச்சுது சார். நேத்து போட்டுட்டேன்.”

ஃபோனில் குளிரூட்டும் விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஐந்து செகண்ட்... பத்து செகண்ட்...

“பதினேழுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது” என்றார் ஆறு செகண்ட். குரல் ஒரு கட்டை ஏறியிருந்தது.

“அப்ப உங்களுக்கு என்ன கவலை? அழுத்துங்க.”

“விளையாடாதே. வேலை போயிடும். கதவைத் தொற.”

“கதவு உங்க கையில இருக்கு சார். பட்டனை அழுத்துங்க.”

அவர் நகரவில்லை. மேலே மாட்டியிருந்த கேமராவில் அது பளிச்சென்று தெரிந்தது. இரண்டு கையாலும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கம் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். மறுபடி ஃபோனோடு ஒட்டிக்கொண்டார்.

“நீ யாரு?”

தபால் மேடம் இந்தக் கேள்விக்காகப் பதினொரு மாதம் காத்திருந்தாள்.

“இதே கதவுக்குப் பின்னாடி என் தம்பி நின்னான். நாப்பத்தொரு தடவை அழுத்தினான். நீங்க ஒரே ஒரு தடவை அழுத்துங்க சார். போதும்.”

ஆறு செகண்ட் சுவரோடு சாய்ந்தார். வாயிலிருந்து ஆவி புகைபோல வந்தது.

“ஸ்பீக்கர்ல போடு. இன்ஸ்பெக்டர் அங்க இருக்காங்க இல்ல? இவ என்னைக் கொல்லப் பாக்குறா, எல்லாரும் கேக்கட்டும்.”

“ஆரம்பத்துலேருந்தே ஸ்பீக்கர்லதான் இருக்கீங்க. ரெக்கார்டும் ஆகுது.”

அதிகாரியின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவர் கதவை நோக்கி ஓடப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மேஜையிலிருந்த மைக்கின் பக்கம் குனிந்தார்.

“நல்லாக் கேக்குது. சொல்லுங்க சார்.”

“மேடம், இந்தக் கதவு தொறக்காது. வெளிய கார்டு போட்டாலும் தொறக்காது. ரெண்டாவது மெஷின்ல யாராவது உக்காருங்க. நான் சொல்ற மாதிரி செய்யுங்க. அவசர க்ரூப் தனியா இருக்காது, சரக்கு க்ரூப்புக்குள்ள இருக்கும். அதை வெளிய எடுங்க. ஸ்டாண்ட்பை எல்லாம் முதல் மெஷின்லயே கெடக்கு, அதை ரெண்டாவதுக்கு மாத்துங்க. அப்பதான் எடுத்துக்கும்.”

“பதினேழுன்னு ஒண்ணு கெடையாதுன்னீங்களே?”

“இருந்துச்சு மேடம், இருந்துச்சு. நான்தான் போட்டேன். ஒரே ஒரு நாளைக்குத்தான்... திங்கக்கிழமை மாத்திடலாம்னு இருந்தேன்.”

இன்ஸ்பெக்டர் தபால் மேடத்தைப் பார்த்தார். மீதியை நீ கேள் என்பது மாதிரி.

“எதுக்குப் போட்டீங்க?”

பதில் தவணை தவணையாக வந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முதலாளி ரிப்போர்ட்டைப் பார்க்கிறார். ஆறு செகண்டில் வர வேண்டுமென்றால் அதற்கு ஒரு மெஷின் முழுசாக வேண்டும். ஆகவே இரண்டாவது மெஷினை அதற்குக் கொடுத்துவிட்டு, பாக்கி எல்லாவற்றையும் முதல் மெஷினில் திணித்தார். சனிக்கிழமை மத்தியானம் முதல் மெஷின் மூச்சு முட்டி நின்றுவிட்டது. எடுத்துக்கொள்ள வேண்டிய ஸ்டாண்ட்பையும் அதற்குள்ளேயே கிடந்தது.

“உங்களுக்கு எப்ப தெரியும்?” என்று கேட்டாள் தபால் மேடம்.

“முதல்ல என்னை வெளிய எடு.”

“எப்ப தெரியும்?”

“சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நாலாம் நம்பர் ரூம்லேருந்து பன்னெண்டு தபால் நிக்குதுன்னு ஃபோன்ல காட்டுச்சு.”

“பாத்துட்டு?”

“ரெண்டாவது மெஷினைத் திருப்பிக் குடுத்தா ரிப்போர்ட் போயிடும். யாரோ பட்டன்ல வெளையாடுறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் இருபதாச்சு.”

“அப்புறம்?”

விசிறி இரைந்தது.

“ஃபோனைக் கவுத்து வெச்சுட்டேன்.”

தபால் மேடத்துக்கு அந்த ஆளை அங்கேயே விட்டுவிட வேண்டும் போல இருந்தது. மெய்யாகவே இருந்தது.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் தம்பி உயிரோட இருந்தான் சார். அதுக்கப்புறம் இன்னும் இருபத்தொம்பது தடவை அழுத்தியிருக்கான்.”

மறுமுனையில் விம்மல். பிறகு, பதினேழை அழித்ததும் பதினெட்டை அவசரமாகப் போட்டதும் சைரனைச் சோதித்ததாகப் பொய் சொன்னதும் கேட்காமலே கொட்டின. கடைசியில் கெஞ்சல். கால் மரத்துவிட்டதாம், கதவை உடைக்க யாரையாவது வரச்சொல்ல வேண்டுமாம்.

கதவுக்கு வெளியே அரை மணி நேரமாக ஒரு மெக்கானிக் கடப்பாரையோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி தபால் மேடம் வந்து பேசியதும் இன்ஸ்பெக்டர் செய்த ஏற்பாடு. அவரை யாரும் கூப்பிடவில்லை.

இன்ஸ்பெக்டர் மைக்கில் சொன்னார்.

“சார், உங்களுக்கு வலது பக்கம் கதவுகிட்ட ஒரு சிவப்பு பட்டன் இருக்கு. அழுத்துங்க.”

“அது வேலை செய்யாது மேடம். எனக்குத் தெரியும்.”

“ஒரு தடவை அழுத்திப் பாருங்களேன். காசா பணமா?”

ஆறு செகண்ட் ஃபோனை விட்டார். அது கம்பியில் தொங்கி ஆடியது. தட்டுத்தடுமாறிக் கதவருகே வந்தார். கட்டைவிரலை பட்டனில் வைத்து அழுத்தினார்.

ஒன்று... இரண்டு... மூன்று...

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான்கு... ஐந்து...

ஆறு!

சைரன் அலறியது. பூட்டு ‘டக்’ என்றது. கதவு திறந்தது!

*

ஆறு செகண்ட் மண்டியிட்டபடி வெளியே வந்து விழுந்தார். மெக்கானிக் பேப்பரை மடித்துவிட்டு, பாவம் பார்த்து எழுப்பி உட்காரவைத்தார்.

தபால் மேடம் எதிரே வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“பதினேழு...” என்றார் அவர்.

“எங்கிட்ட இல்லவே இல்ல சார். பத்து மாசம் தேடினேன். நீங்க சுத்தமா அழிச்சிட்டீங்க.”

“அப்ப இப்ப ஓடினது?”

“பதினெட்டு. நீங்க போட்டது. மெயின் ஒரு மெஷின், ஸ்டாண்ட்பை வேற மெஷின், அவசர க்ரூப் தனி. பட்டனை அழுத்தின ஆறாவது செகண்ட்ல எடுத்துக்கணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நல்ல பிளான்.”

ஆறு செகண்டின் முகத்தில் கொஞ்சநஞ்சம் இருந்த ரத்தமும் வடிந்தது. உலகத்தில் யாரை வேண்டுமானாலும் அந்த அறைக்குள் போட்டுப் பூட்டியிருந்தால், முதல் காரியமாக அந்த பட்டனை அழுத்தியிருப்பார்கள். பதினேழு என்று பயம் காட்டினாலும் ஒன்றும் புரியாமல் அழுத்தியிருப்பார்கள். அழுத்திப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் நான்கு நிமிடம் இருபது செகண்ட் ஃபோனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். இரண்டு வருடப் பழைய தாள், மடிப்புக் கலையாமல் இருந்தது. நாற்பத்தொரு கோடுகள். அதன் கீழே ஒரே ஒரு கோடு போட்டார்.

“சார், நான் நாலு தடவை சொன்னேன், அழுத்துங்கன்னு” என்றாள் தபால் மேடம், அதிகாரியைப் பார்த்து. “அட்டையில எழுதிக்குங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அதோடு பழைய அறிக்கையின் இரண்டாவது வரியை அடித்துவிட்டு, ‘நாற்பத்தொரு முறை அழுத்தினார்’ என்று மாற்றச் சிபாரிசு செய்வதாகவும் எழுதினார். அதைப் படித்தபோதுதான் தபால் மேடத்துக்குக் கண் நிறைந்தது.

அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. தம்பி மனைவி.

“அண்ணி... கதவு தொறந்துச்சா?”

“தொறந்துச்சு.”

“தொறந்திருக்கவே கூடாது.”

“எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. நேத்து பிளானை எழுதியே வெச்சுட்டேன். சேமிக்கவான்னு கேட்டுச்சு. வேண்டாம்னு அழுத்திட்டேன்.”

“ஏன் அண்ணி?”

“அவர் செத்திருந்தா, அவரும் பட்டனை அழுத்த மறந்துட்டார்னு ரெண்டு வரியில எழுதி மூடியிருப்பாங்க. இப்ப வாயால சொல்லியிருக்கார். உம் பொண்ணு பெரியவளானதும் போட்டுக் காட்டு. அவ அப்பா எத்தனை தடவை அழுத்தினார்னு கேக்கட்டும்.”

மறுமுனையில் அழுகை வெடித்தது. இரண்டு வருடமாக அவள் அப்படி அழுததில்லை. அக்கா ஃபோனை வைக்காமல், முழுதும் அழுது முடிக்கும்வரை காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் போலீஸ் வேன் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் பின்கதவைத் திறந்துவிட்டு, ஆறு செகண்டுக்கு மரியாதையாக வழிகாட்டினார். அவர் உள்ளே எட்டிப் பார்த்துத் தயங்கினார். ஜன்னல் கம்பி, இரும்பு பெஞ்ச், இரும்புக் கதவு.

“பயப்படாம ஏறுங்க சார். இதுல உள்பக்கம் பட்டனே கெடையாது. இருந்தா மட்டும் நீங்க அழுத்தவா போறீங்க?”